உப்புப் பெட்டியில் ஒரு சிவப்புக் கோடு

என் வேலை என்னவென்று அம்மாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. "இரும்பு துருப்பிடிக்காம பாத்துக்குறேம்மா" என்று முதலில் சொன்னேன்.

"அதுக்கு எண்ண தடவுனா போதாதா? இதுக்கா நாலு வருசம் இன்ஜினீரு படிச்ச?" என்றாள்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் நான் சொல்வதை எல்லாரும் மரியாதையோடு கேட்பார்கள், ஆனால் நம்ப மாட்டார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து போனில் ஒரு வீடியோவைக் காட்டினேன். ஏதோ ஒரு குளிர் நாடு. ரோடு, மரம், வீட்டுக்கூரை எல்லாம் வெள்ளை. ஒரு பெரிய லாரி பின்பக்கமாக எதையோ விசிறிக்கொண்டே போகிறது.

"இன்னாடா அது, ப்ளீச்சிங் பவுடரா?" அம்மா அயனம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறாள். வெள்ளையாக எதைத் தூவினாலும் அவளுக்கு அது ப்ளீச்சிங் பவுடர்தான்.

"உப்பும்மா."

"உப்பா?"

"ரோட்டுல ஐஸ் கட்டிக்கும். உப்பு போட்டா சீக்கிரம் உருகிடும். இல்லாங்காட்டி வண்டியெல்லாம் வழுக்கினு போய் மோதிக்கும்."

அம்மா போனைப் பிடுங்கி மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள். எங்கள் வீட்டில் உப்பு கைதவறிக் கீழே சிந்தினால் யாரும் அதன்மேல் கால் வைக்கக்கூடாது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்துத் தண்ணீரில் கரைத்துவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி ஒரு கை உப்பு கேட்டு வந்தால்கூட, கையில் தர மாட்டாள். கிண்ணத்தை மேடைமேல் வைத்து, நீயே எடுத்துக்கோ என்பாள். அவளைப் பொறுத்தவரை அது மகாலட்சுமி.

"லாரி லாரியா உப்ப ரோட்டுல கொட்டி, அது மேலயே வண்டி ஏத்துறானுங்களா? வெளங்குமாடா அந்த ஊரு?"

"ஊரு நல்லாத்தாம்மா வெளங்கினு கீது. வண்டிதான் வெளங்க மாட்டேங்குது. அந்த உப்புத்தண்ணி சக்கரத்துக்குள்ள பூந்து பிரேக்க தின்னுடும். அத தின்னாம இருக்க நாங்க மேல பூச்சு போட்டு அனுப்புறோம். அதான் என் வேல."

பிரேக் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவின் கத்தி நின்றது. அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறார். டேங்க் நிறைய தண்ணீரோடு பாலத்திலிருந்து இறங்கும்போது பிரேக்கைத் தவிர வேறு துணை கிடையாது என்று அவர் சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். வெள்ளிக்கிழமை காலையில் லாரி கிளம்புமுன் அம்மா முன்சக்கரம் இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாள். வெளியே வைத்தது மழையிலோ சேற்றிலோ போய்விடும் என்று, குனிந்து மட்கார்டுக்கு உள்ளே கையை விட்டு இன்னொன்றும் வைப்பாள். அது யார் கண்ணுக்கும் தெரியாது. அப்பாவுக்கே அப்படி ஒன்று இருப்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

"பிரேக்கா?" என்றாள். "அப்போ பெரிய வேலதான்."

அன்றிலிருந்து குடியிருப்பில் யார் கேட்டாலும் "எம்புள்ள பிரேக் கம்பெனியில கீறான்" என்று சொல்ல ஆரம்பித்தாள். அது முழுக்கச் சரியில்லை. ஆனால் நான் திருத்தவில்லை.

எங்கள் கம்பெனி அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் உள்தெரு ஒன்றில் இருக்கிறது. சின்னது. காருக்கு பிரேக் செய்பவர்கள் வார்ப்பிரும்புத் துண்டுகளை எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அவற்றைச் சுத்தம் செய்து, துத்தநாகத் தூள் கலந்த சாம்பல் நிறத் திரவத்தில் முக்கி, அடுப்பில் சுட்டு, திருப்பி அனுப்புவோம். அங்கிருந்து அவை கப்பலேறி, நான் பார்த்தேயிராத குளிர் நாடுகளுக்குப் போகும்.

போன வருடம் எங்களுக்கு ஒரு புது ஆர்டர் வருவதாக இருந்தது. துண்டின் பெயர் பிராக்கெட். சக்கரத்துக்குள் பிரேக் பேடுகளை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்திருக்கும் இரும்புக் கை. உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். அதன் ஓரத்தில் போல்ட் போடுவதற்கு ஓர் ஓட்டை. அந்த ஓட்டைதான் எங்கள் தலைவலி. துண்டுகளைக் கூடையில் அள்ளிப்போட்டு முக்கி எடுக்கும்போது ஓட்டைக்குள் திரவம் தேங்கிவிடும். தேங்கிய இடத்தில் பூச்சு தடிப்பாகி, அடுப்பில் வெடித்து, அந்த வெடிப்பு வழியாக உப்பு உள்ளே போய்விடும். மாதிரித் துண்டுகள் எல்லாம் அங்கேதான் துருப்பிடித்துத் தோற்றன.

நான் அப்போது டிரெய்னி. கழுத்தில் பச்சை நாடா. நிரந்தரமானவர்களுக்கு நீல நாடா. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கூடை வேண்டாம். ஒவ்வொரு துண்டையும் கொக்கியில், ஓட்டை கீழ்நோக்கிச் சாயும்படி மாட்டினால் தேங்குவது வழிந்துவிடும். காகிதத்தில் படம் போட்டு, கோணம் குறித்து, முதலில் லைன் பார்க்கும் அண்ணனிடம் காட்டினேன். திரவத்தொட்டியையும் அடுப்பையும் பார்த்துக்கொள்வது அவர்தான். பக்கத்துப் பாடி ஊர்க்காரர். வாய் நிற்காது.

"இன்னா நைனா, ஒவ்வொன்னுக்கும் தூளி கட்டி தாலாட்டு பாடச் சொல்லுவ போலக்கீதே?"

"வழியிறதுக்குண்ணே."

"வழியும் வழியும். மொதல்ல நமக்கு வழியும், மூஞ்சில" என்றார். ஆனாலும் படத்தை மறுபடி ஒருமுறை வாங்கிப் பார்த்தார்.

முதலாளியிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. ஒரு துண்டைக் கையில் எடுத்து நான் சொன்ன கோணத்தில் சாய்த்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பக்கத்துத் தெருவில் சொல்லிக் கொக்கிகள் செய்யவைத்தார். அவை வந்த அன்று என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நேரா சொல்லிடுறேன். இந்த டெஸ்ட் பாஸாச்சுன்னா ஆர்டர் நமக்கு. ஆர்டர் நமக்குன்னா நீ பர்மனென்ட். ஆகலன்னா ரெண்டுமே இல்ல. புதுசா ஆள் வெச்சிக்குற நெலமயில நான் இல்ல."

நான் தலையாட்டினேன். அப்பாவுக்கு வேலை என்பது லாரி ஓனர் காலையில் போன் செய்தால் உண்டு. அம்மாவுக்குக் காண்டிராக்டர் மாறும்போதெல்லாம் வேலையும் ஆடும். எங்கள் வீட்டில் யாரும் இதுவரை நிரந்தரம் என்ற சொல்லைத் தங்கள் பெயரோடு சேர்த்துக் கேட்டதில்லை. அன்று வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். அப்பா "பாப்போம்" என்றார். அம்மா உப்பு ஜாடியை எடுத்து மூடியை அழுத்தி மூடிவைத்தாள்.

டெஸ்ட் நடக்கும் பெட்டியை நாங்கள் உப்புப் பெட்டி என்போம். ஐஸ்கிரீம் கடைப் பெட்டி மாதிரி இருக்கும், மூடி மட்டும் ஓட்டு வீட்டுக் கூரை போலக் கூராக. உள்ளே இதமான சூட்டில் உப்புத்தண்ணீர் பனிமூட்டமாக நிரம்பியிருக்கும், இரவும் பகலும். குளிர் நாட்டு ரோட்டில் ஒரு கார் பல வருடம் படுகிற பாட்டை இந்தப் பெட்டிக்குள் துண்டு சில வாரத்தில் பட வேண்டும். நடுவில் துண்டுகளைத் தொடக்கூடாது, துடைக்கக்கூடாது, கழுவக்கூடாது. மூடியைக் கொஞ்சம் திறந்து கண்ணால் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். வெள்ளையாகப் பூத்தால் பரவாயில்லை, அது இரும்புக்காகப் பூச்சு தன்னைத் தியாகம் செய்துகொள்வது. சிவப்பு தெரிந்தால் இரும்பு அழ ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கதை முடிந்தது.

கொக்கியில் மாட்டிப் பூசிய முதல் துண்டுகள் அடுப்பிலிருந்து வந்தது ஆயுத பூஜை சமயம். எஸ்டேட்டில் அதைவிடப் பெரிய திருவிழா கிடையாது. லீவுக்கு முந்தின நாளே மெஷினையெல்லாம் கழுவித் துடைத்து, மாவிலை கட்டி, வாழைக்கன்று நிறுத்தி, வீட்டு ஆட்களை எல்லாம் கூட்டி வரச் சொல்வார்கள். தெருவுக்குத் தெரு பூசணிக்காய் உடைப்பார்கள், வண்டிகள் குங்குமம் கலந்த சிவப்புச் சதைமேல் சறுக்கிக்கொண்டு போகும். அன்றைக்கு எஸ்டேட்டில் நடப்பவர்களுக்கும் பிரேக் தேவை.

அம்மா பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள். நான் வேலை செய்யும் இடத்தை முதல் தடவை பார்க்கிறாள். திரவத்தொட்டி, அடுப்பு, கொக்கி எல்லாவற்றையும் காட்டினேன். லைன் அண்ணன் குறுக்கே வந்து, "அம்மா, இந்தக் கொக்கியெல்லாம் உங்க புள்ள போட்டது. எங்கள தூங்க விடாம தூளி ஆட்ட வெச்சிட்டான்" என்றார். அம்மாவுக்கு அது புகழ்ச்சியா கேலியா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்துச் சிரித்து வைத்தாள்.

முதலாளி ஒரு காரியம் செய்தார். டெஸ்டுக்கு எடுத்துவைத்த புதுத் துண்டுகள் ஆறையும் பூஜை மேசையில் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைக்கச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் உதைத்தது. டெஸ்டுக்குப் போகிற துண்டைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். ஆனால் அவரிடம் எப்படிச் சொல்வது? ஐயர் சந்தனம் குங்குமம் வைத்து, தீபம் காட்டி, தண்ணீர் தெளித்தார். தீபாராதனை முடிந்ததும் முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

"நல்ல நேரம் போறதுக்குள்ள பெட்டியில வெச்சிடு. லீவு பூரா ஓடட்டும்."

நான் துணியில் தின்னரை நனைத்து ஒவ்வொரு துண்டிலிருந்தும் சந்தனம் குங்குமத்தைத் துடைக்க ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்றிருந்த அம்மா என் கையைத் தட்டினாள்.

"டேய், இன்னாடா பண்ற? இப்பதான சாமிக்கு வெச்சாங்க. பொட்ட அழிக்கிற?"

"டெஸ்டுக்கு சுத்தமா இருக்கணும்மா."

"பொட்டு அழுக்கா?"

"அழுக்குன்னு சொல்லல. உள்ள எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. ரூல்."

"நாளும் கிழமையுமா பொட்ட தொடச்சி அனுப்புறான் பாரு" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். நான் ஆறையும் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, தட்டில் அடுக்கினேன். லைன் அண்ணன் சுண்டல் வாங்கிக்கொள்ளக் கூப்பிட்டார். நான் போனேன். அம்மா தட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்து, கையுறை மாட்டி, துண்டுகளைப் பெட்டிக்குள் வரிசையாகச் சாய்த்து நிறுத்தி, மூடியை இறக்கினேன். பனிமூட்டம் எழுந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

லீவு முடிந்து வந்த முதல் நாள் மூடியைத் திறந்து பார்த்தேன். ஆறும் சாம்பல். மறுநாளும் சாம்பல். அதற்கப்புறம் மழை பிடித்துக்கொண்டது. கொரட்டூர்ப் பக்கம் தண்ணீர், எஸ்டேட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர், கரண்ட் போய்ப் போய் வந்தது. ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வந்தது. வீட்டுக்குப் போனால் அம்மா தன் பங்குக்குச் செய்தி சொல்வாள். "எங்க அபார்ட்மென்ட்ல நின்ன காருக்கெல்லாம் சக்கரத்துக்குள்ள தட்டு பழுப்பாயிடிச்சிடா. பயந்து பயந்து என்னாண்ட வந்து கேக்குறாங்க, எம்புள்ள பிரேக் கம்பெனின்னு." அது மேல்துரு, வண்டியை எடுத்து நாலு தடவை பிரேக் அடித்தால் தானே போய்விடும் என்று சொல்லியனுப்பினேன். மறுநாள் அந்த மாடிக்காரர்கள் நன்றி சொன்னதாக வந்து சொன்னாள். அந்த வாரம் முழுக்க அவளுக்கு ஒரே பெருமை.

ஒரு திங்கட்கிழமை காலை மூடியைத் திறந்தேன். இடது ஓரத்துத் துண்டில், ஓட்டையின் உதட்டிலிருந்து ஒரு சிவப்புக் கோடு வழிந்து இறங்கியிருந்தது.

வேறெங்காவது என்றால்கூடப் பரவாயில்லை. ஓட்டையிலிருந்து. நான் கோணம் போட்டுச் சாய்த்த அதே ஓட்டையிலிருந்து. மூடியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். உப்புமூட்டம் மூக்கில் ஏறி எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதுதான் காரணம் என்று பின்னால் வந்து நின்ற லைன் அண்ணனிடம் சொன்னேன்.

அவர் எட்டிப் பார்த்தார். வழக்கமாக ஏதாவது சொல்வார். அன்றைக்கு உதட்டைப் பிதுக்கினார். "நைனா, பீஸுக்கும் கண்ணு செவந்துடுச்சே" என்றார், மெதுவாக.

முதலாளி வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மத்த அஞ்சும்?"

"சுத்தமா இருக்கு சார்."

"ஒன்னு போனாலும் போனதுதான்." பெருமூச்சு விட்டார். "எடுக்காத. ஓடட்டும். கடைசி வரைக்கும் ஓடட்டும். கஸ்டமர் ஆளு வந்தப்புறம் அவரே பாத்துக்கட்டும்." போகிற போக்கில் என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று முழுக்க அந்தக் கோடு என் கண்ணைவிட்டுப் போகவில்லை. நிறம் கொஞ்சம் ரோஜாப் பக்கமாக இருந்ததோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. துரு என்றால் ஆரஞ்சுப் பக்கம்தானே சாயும்? ஆனால் அப்படி நினைப்பதே ஆசையால் வரும் நினைப்பு என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். ஓட்டையில் இன்னும் திரவம் தேங்குகிறது, என் கோணம் தப்பு, இதுதான் நியாயமான விளக்கம். ஷேர் ஆட்டோவில் வரும்போது எந்தக் கம்பெனியில் அடுத்து விண்ணப்பிப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

வீட்டில் அம்மா சாயங்கால விளக்கேற்றிவிட்டு தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டாள்.

"இன்னாச்சு?"

"பூட்சிம்மா. டெஸ்ட் பூட்சி. ஒரு பீஸு செவப்பா வழிஞ்சிடுச்சி."

"செவப்பான்னா?"

"துரும்மா. ஓட்டைலேர்ந்து."

அம்மா கல்லை இறக்கவில்லை. தோசை ஓரம் கருக ஆரம்பித்தது. அவள் என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"எந்தப் பக்கத்து பீஸு?"

"எந்தப் பக்கமா இருந்தா இன்னாம்மா? இடது ஓரம்."

"ஓட்டைக்கு உள்ளேர்ந்தா?"

"ஆமா."

அவள் அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

"டேய், திட்டாத."

"எதுக்கு?"

"நான்தான்டா வெச்சேன்."

"இன்னாத்த?"

"பொட்டுதான். நீ எல்லாத்தயும் தொடச்சிப் போட்டுட்ட. உப்ப மிதிக்கிற ஊருக்குப் போற ஜாமான். பிரேக்கு வேற. பொட்டே இல்லாம மூளியா எப்டிடா அனுப்புறது? நீ சுண்டலுக்குப் போனப்போ, ஓரத்து பீஸு ஒன்னோட ஓட்டைக்குள்ள, யாரு கண்ணுக்கும் தெரியாம, என் சிமிழ்லேர்ந்து கொஞ்சூண்டு குங்குமத்த வெளக்கு எண்ணெயில கொழச்சி…" விரலை வளைத்து, மட்கார்டுக்கு உள்ளே விடுவது போலவே விட்டுக் காட்டினாள். "மழைக்குக்கூட போவாதே அது!"

நான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வரவில்லை. அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே கிளம்பிச் சிரிப்பாக வெளியே வந்தது. அம்மா பயந்துபோய், "இன்னாடா, சிரிக்கிற?" என்றாள். நிறுத்த முடியவில்லை. அப்பா அப்போதுதான் உள்ளே வந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "பாஸா?" என்றார்.

பாஸா என்று எனக்கும் தெரியாது. குங்குமம் வழிந்திருக்கலாம். குங்குமத்துக்கு அடியில் துருவும் இருக்கலாம். படித்தவன் என்றால் இரண்டையும் யோசிக்க வேண்டும். அம்மாவின் குங்குமச் சிமிழை ஒரு பொட்டலத்தில் கொட்டி எடுத்துக்கொண்டு காலையில் கம்பெனிக்குப் போனேன். அந்த ஆறோடு சேர்த்துச் சுட்ட உபரித் துண்டு ஒன்று என் மேசையில் இருந்தது. அதன் ஓட்டைக்குள் அம்மா செய்த மாதிரியே எண்ணெயில் குழைத்துக் குங்குமம் வைத்தேன். மூட்டம் மெதுவாகச் செய்வதைச் சீக்கிரம் பார்க்க, பெட்டிக்கு ஊற்றும் அதே உப்புத்தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் நிரப்பி அடித்துக்கொண்டே இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஓட்டையின் உதட்டில் சிவப்பு எட்டிப் பார்த்தது. சாயங்காலம் அது கோடாக இறங்கியது. பெட்டிக்குள் இருந்த கோட்டுக்கு அண்ணன் தம்பி போல.

லைன் அண்ணன் வந்து பார்த்தார். "இன்னா நைனா, பீஸுக்கு வளைகாப்பு பண்றியா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் நான் எதிர்பார்த்த அளவுக்குச் சிரிக்கவில்லை, அதைவிட அதிகமாகச் சிரித்தார். தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்கம்மா நமக்கு மேல ஒரு கோட்டிங் போட்டுட்டாங்கடா! அதுவும் எண்ணெயில கொழச்சி!"

"முதலாளிகிட்ட சொல்லணும்ணே. அம்மாவத் திட்டுவாரோன்னு பயமாக்கீது."

"யோவ், சாமிக்கு முன்னாடி வெக்கச் சொன்னவரே அவருதானே. போய்ச் சொல்லு."

சொன்னேன். பொட்டலத்தையும் உபரித் துண்டையும் மேசைமேல் வைத்தேன். முதலாளி குங்குமத்தைத் தொட்டு, விரலில் தேய்த்து, முகர்ந்து பார்த்தார்.

"பொட்டு வெக்கச் சொன்னது நானு" என்றார். "அந்தம்மாவச் சொல்லி இன்னா?" பிறகு உடனே குரலை மாற்றிக்கொண்டார். "ஆனா இது குங்குமம்னு நீயும் நானும் நெனச்சா போதாது. அடியில இன்னா இருக்குன்னு கடைசியில கழுவுனாத்தான் தெரியும். அதுவரைக்கும் தொடாத."

தொடவில்லை. ஆனால் அந்த மிச்ச நாட்கள் முதலில் இருந்த நாட்கள் மாதிரி இல்லை. காலையில் மூடியைத் திறக்கும்போது ஒரு நப்பாசை ஒட்டிக்கொண்டிருந்தது. கோடு நீளவில்லை. நிறம் மங்கிக்கொண்டே வந்தது. துரு என்றால் நாளுக்கு நாள் அதிகமாகும். இது வடிந்து தீர்ந்துகொண்டிருந்தது. இதை வீட்டில் சொன்னபோது அம்மா, "எண்ண கொஞ்சம் அதிகமா வெச்சிட்டேன் போல" என்றாள், சமையலில் தப்பு நடந்தது போல.

முடிகிற அன்று வாடிக்கையாளர் கம்பெனியின் ஆள் வந்தார். முதலாளி அவரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. "கழுவுங்க, பாப்போம்" என்றார்.

துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டேன். மற்ற ஐந்தும் வெள்ளைப் படிவு கரைந்து சாம்பலாக எழுந்தன. ஆறாவதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். தண்ணீருக்குள் விட்டதும் சிவப்பு புகை போலப் பிரிந்து, ரோஜா நிறமாகக் கலைந்து காணாமல் போனது. டார்ச்சை ஓட்டைக்குள் அடித்தேன். எல்லாரும் குனிந்தோம். தலையோடு தலை இடித்தது.

உள்ளே சாம்பல். சுற்றி முழுக்க, விளிம்பில், அடியில், எங்கேயும் வெடிப்பு இல்லை. திரவம் தேங்கவே இல்லை. கோணம் சரி.

கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். லைன் அண்ணன் என் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டார். "தூளி வேல செய்துடா!" என்றார். முதலாளி டார்ச்சை என் கையிலிருந்து வாங்கி, தானே இன்னொரு தடவை பார்த்தார். அவருக்கும் ஒரு தடவை போதவில்லை.

வந்தவர் நியாயமான ஆள். பொட்டு வைத்த துண்டைக் கணக்கில் சேர்க்க முடியாது, அதன் இடத்தில் புதுசு ஒன்றை வைத்து முதலிலிருந்து ஓட்டுங்கள், அதுவும் சுத்தமாக வந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். வைத்தோம். இந்தத் தடவை தட்டைவிட்டு நான் சுண்டலுக்குப் போகவில்லை. மார்கழி பிறந்து மழை ஓய்ந்த சமயத்தில் அதுவும் சாம்பலாகவே வெளியே வந்தது. அந்த வாரமே முதலாளி நீல நாடாவைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். பச்சையைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் திணித்துக்கொண்டேன்.

அம்மா நாடாவை வாங்கித் தடவிப் பார்த்தாள். சாமி படத்துக்கு மாட்டிவிட்டு, "பாத்தியா, நான் வெச்ச பொட்டுதான்" என்றாள்.

"அம்மா, அது கணக்குலயே சேக்கல. மத்த அஞ்சுதான் பாஸு. அதுக்கெல்லாம் நீ பொட்டே வெக்கலியே?"

"ஒன்னுக்கு வெச்சா கூடப் பொறந்ததுக்கெல்லாம் சேத்துதான்டா."

"அதுக்கப்புறம் புதுசா வெச்சமே, அது?"

"அதே பொட்டிதான?"

அப்பா சாப்பிட்டுக்கொண்டே தலையை ஆட்டினார். அவர் லாரிக்குள்ளும் யாருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறதே. நான் விட்டுவிட்டேன். படிப்பால் வெல்ல முடியாத இடங்கள் எங்கள் வீட்டில் சில உண்டு. அவற்றில் தோற்பதில் எனக்கு அன்றைக்கு வருத்தமே இல்லை.

முதல் லோடு மரப்பெட்டியில் ஏறிய அன்று, பெட்டிகளுக்கு ஆணி அடித்து முடிந்ததும் லாரிக்காகக் காத்திருந்தோம். என் சட்டைப் பையில் குங்குமப் பொட்டலம் இன்னும் கிடந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கடைசிப் பெட்டியின் வெளிப்பக்கம், கீழ் மூலையில், ஒரு பொட்டு வைத்தேன். வெளியேதான். உள்ளே இல்லை. டெஸ்ட் ரூலுக்கு எந்தப் பங்கமும் கிடையாது.

"மூளியா அனுப்பக் கூடாது, இல்ல?" என்றது பின்னாலிருந்து லைன் அண்ணன் குரல். அவர் பாட்டுக்குப் பொட்டலத்தை வாங்கி, மீதிப் பெட்டிகளுக்கும் வைத்துக்கொண்டே போனார்.